அப்பா விட்டுப்போன நிலத்தில் கீழ்ப்பாதி வெளுத்துக் கிடக்கிறது: ஜிப்சம் போட்டால் போதுமா?

வெள்ளைத்திட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருச்சிக்குத் தெற்கே மணிகண்டம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. அப்பா இருந்தவரை அவர்தான் பார்த்துக்கொண்டார். நான் பன்னிரண்டு ஆண்டுகளாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தை மாதம் அப்பா போய்விட்டார். இனி ஊரோடு இருப்பது என்று வந்துவிட்டேன். துணியைத் தொட்டால் எத்தனை கிராம் என்று சொல்வேன். மண்ணைப் பற்றி எதுவும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், திட்டுவதற்கு வசதியாக இருக்கும்.

நிலத்தின் மேல்பாதியில் குறையில்லை. தாழ்வான கீழ்ப்பாதி, ஒரு ஏக்கர் இருக்கும், கோடையில் சுண்ணாம்பு அடித்தது போல வெளுக்கிறது. நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் எண்ணெய் கொட்டியது போலக் கறுப்புத் திட்டு. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்குவதே இல்லை. நான்கு நாள் ஆனாலும் பால் விட்ட தேநீர் போலக் கலங்கி நிற்கிறது. காய்ந்துவிட்டால் மண்வெட்டி எகிறி முழங்காலில் அடிக்கிறது. போன சம்பாவில் மேலே 26 மூட்டை, கீழே 7 மூட்டை என்று அப்பாவின் நோட்டில் எழுதியிருக்கிறது. 60 கிலோ மூட்டை.

உரக்கடையில் கேட்டேன், "ஜிப்சம் 10 மூட்டை வாங்கி வீசு" என்றார்கள். அப்பாவும் வீசியிருக்கிறார்; காலிச் சாக்குகள் மாட்டுக்கொட்டகையில் மடித்து வைத்திருக்கின்றன. பலன் எதுவும் தெரியவில்லை. கீழ்வயல்காரர், "பேசாமல் தைலமரம் வைத்துவிட்டுத் திருப்பூருக்கே போ" என்கிறார். எங்கள் போர் தண்ணீர் நல்ல தண்ணீர். குடிக்கிறோம், பருப்பு பூப்போல வேகிறது, சோப்பு நன்றாக நுரைக்கிறது. அதனால் தண்ணீரில் குறை இருக்க வழியில்லை. என்ன செய்யலாம்?

பசுமை வாசல் எழுதியது:

மண்ணில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் இப்படி ஆகும். ஏக்கருக்கு 500 கிலோ சுண்ணாம்புத் தூள் தூவுங்கள். மண்புழு உரமும் போடுங்கள். என் மாடித்தோட்டத்தில் நல்ல பலன் கிடைத்தது.

உப்பங்கரை எழுதியது:

தம்பி, சுண்ணாம்பை இப்போதைக்குக் கையில் எடுக்க வேண்டாம். அது நீலகிரி மாதிரி புளித்த மண்ணுக்கு. உங்களுடையது வேறு கோளாறு என்று தோன்றுகிறது.

எனக்கு வேதாரண்யம் பக்கம் நிலம். எங்களுடையது உவர். 2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்தபோது எங்கள் வயலிலும் ஏறியது. எல்லாரும் வந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், இனி பத்து வருடத்துக்குப் புல்கூட முளைக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்கள் வரப்பை உயர்த்தி மழைத் தண்ணீரைக் கட்டி நிறுத்தி, ஒரு வாரம் கழித்து வடித்து, மறுபடி கட்டி, மறுபடி வடித்து, இதையேதான் செய்தோம். அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே பெரும்பகுதி உப்பு இறங்கிவிட்டது. உவர் என்பது தண்ணீரில் கரைந்து நிற்கிற உப்பு. நல்ல தண்ணீரும் வடிகாலும் இருந்தால் போய்விடும். கோடையில் நிலத்தை வெறுமனே போட்டால் அடியிலிருந்து மறுபடி ஏறும். அதற்கு வைக்கோலைப் பரப்பி மூடுவோம்.

ஆனால் நீங்கள் சொல்கிற கலங்கல் தண்ணீர் எங்களிடம் இல்லை. உப்பு அதிகமான மண்ணில் தண்ணீர் தெளிந்துதான் நிற்கும். உங்களுடையது களராக இருக்கலாம், அதாவது சோடியம் மண்ணிலேயே ஒட்டிக்கொண்ட கார மண். ஒரு சோதனை செய்து பாருங்கள், காசு செலவில்லை. வெளுத்த இடத்து மண்ணையும் மேல்பாதி மண்ணையும் தனித்தனி பாட்டிலில் ஒரு கைப்பிடி போட்டு, மழைத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு ராத்திரி அசைக்காமல் வையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். அப்புறம் மஞ்சள் தோய்த்த துணியில் அந்தத் தண்ணீரைத் தொட்டு வைத்துப் பாருங்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியும்தானே?

வெள்ளைத்திட்டு எழுதியது:

நன்றி அக்கா. செய்துவிட்டேன். மழைத் தண்ணீர் இல்லை, மெடிக்கலில் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டு முழித்தார்கள். பிறகு மெக்கானிக் கடையில் வாங்கினேன்.

மேல்பாதி மண், பாட்டிலின் அடியில் காலையில் படிந்துவிட்டது. மேலே தண்ணீர் வழியாகக் காலண்டர் எழுத்தைப் படிக்க முடிகிறது. கீழ்ப்பாதி பாட்டில் குலுக்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. இரண்டாம் நாளும் அப்படியே. விரலால் தொட்டால் வழுவழு என்று சோப்புத் தண்ணீர் மாதிரி இருக்கிறது.

வீட்டில் வெள்ளை பனியன் வெட்டுத்துண்டுக்குப் பஞ்சமில்லை. சோப்பு படாத இரண்டு துண்டில் மஞ்சள் குழைத்துத் தடவிக் காயவைத்துச் சொட்டு விட்டேன். மேல்பாதி மஞ்சளாகவே இருந்தது. கீழ்ப்பாதிச் சொட்டு விழுந்த இடம் வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்தது. அம்மா பார்த்துவிட்டு, "நிலத்துக்கு யார் கண் பட்டது?" என்றார்கள்.

பழைய மடைக்காரன் எழுதியது:

உப்பங்கரை அம்மா சரியாகப் பிடித்துவிட்டார். இது களர்தான், தம்பி. நானும் உன் பக்கத்துக்காரன்தான். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்.

முதலில் உன் பாட்டிலிலேயே ஒரு வேலை பாக்கி. அந்தக் கலங்கல் பாட்டிலில் ஒரு சிட்டிகை ஜிப்சம் போட்டுக் குலுக்கி வை. கொட்டகையில் காலிச் சாக்கு இருக்கிறது என்றாயே, உதறினால் தேறும். காலையில் தெளிந்திருக்கும். ஏன் என்று புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானே புரியும். களிமண் துகளைச் சுற்றிச் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோடியம் ஒட்டிய துகள்கள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக மிதக்கும். வயலில் அந்தத் துகள்தான் மண்ணின் கண்ணை எல்லாம் அடைத்துவிடுகிறது. தண்ணீர் இறங்காது, காற்று போகாது, காய்ந்தால் சிமெண்டு. ஜிப்சத்தில் கால்சியம் இருக்கிறது. அது சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். துகள்கள் கூடிக் கட்டியாகிக் கீழே இறங்கும்.

தள்ளப்பட்ட சோடியம் எங்கே போகும்? இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. உன் அப்பாவிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது தண்ணீரில் கரைந்து அங்கேயேதான் நிற்கும். அந்தத் தண்ணீரை வெளியே விட்டால்தான் அது போகும். விடாமல் வயலிலேயே காயவிட்டால் வேலை பாதியில் நின்றது போலத்தான். நான் முதல் வருடம் கடன் வாங்கி ஒரு டிராக்டர் லோடு ஜிப்சம் இறக்கி, உழுது, தண்ணீர் கட்டி, நட்டேன். 8 மூட்டை வந்தது. அதற்கு முந்தின வருடம் ஒன்றுமே போடாமல் 8 மூட்டை. என் வயலுக்கு வடிகால் கிடையாது. கடைசி மடையைக் கீழ்வயல்காரர் அடைத்து வைத்திருந்தார். உன் உப்பை என் வயலில் விடாதே என்றார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

மறு வருடம் நான் என் வயலின் ஓரத்திலேயே, என் எல்லைக்குள், மூன்று அடி அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி ஓடைக்குக் கொண்டுபோனேன். ஊரில் சிரித்தார்கள். கணக்குப் போட்டுப் பார்: சதுரமான ஒரு ஏக்கரின் ஒரு பக்கம் சுமார் 209 அடி. மூன்றடி அகலம் விட்டால் ஒன்றரை சென்ட்கூட இல்லை. அதை விட்ட பிறகுதான் மீதி 98 சென்ட் எனக்கு நிலமாயிற்று. அந்த வருடம் 13 மூட்டை, அடுத்து 17, அதற்கடுத்து 22. ஒரே வருடத்தில் மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

இப்போது அளவு. 10 மூட்டை என்றால் 500 கிலோ. ஒரு ஏக்கர் களருக்கு அது பெரும்பாலும் காணாது. எனக்கு மண் பரிசோதனையில் ஏக்கருக்கு 2 டன் எழுதினார்கள். அது 40 மூட்டை. உனக்கு எவ்வளவு என்று நான் சொல்ல மாட்டேன், கடைக்காரரும் சொல்லக் கூடாது. மண்ணின் கார நிலை (pH) 8.5-ஐத் தாண்டி, களிமண்ணில் ஒட்டிய சோடியம் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் களர். ஜிப்சம் தேவை எவ்வளவு என்று தனியாகக் கேட்டு எழுதி வாங்கு; சாதாரண மண்பரிசோதனை அட்டையில் அது சில சமயம் வராது. உனக்கு நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரி கூப்பிடு தூரம். களர் மண்ணே அவர்களுடைய படிப்பு. அரியானாவில் கர்னாலில் 1969-இல் தொடங்கிய மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனம் வடக்கே இதே ஜிப்சத்தையும் நெல்லையும் வைத்துத்தான் தரிசைத் திருத்தியது. நெல்லுக்கு வேர் மேலாக ஓடுவதால் கணக்கில் வருகிற ஜிப்சத்தில் பாதி போட்டுத் தொடங்கினால் போதும் என்பார்கள்.

போடுகிற விதம். நிலத்தைத் தண்ணீர் பார்த்து மட்டம் செய். மேடு ஒரு இடம் இருந்தாலும் அந்த இடம் கழுவப்படாமல் திட்டாக நிற்கும். நாலு பக்கமும் வரப்பைக் கெட்டியாக அணை. ஜிப்சத்தைச் சீராக வீசி நாலு விரல்கடை ஆழத்துக்கு மேலாக உழு. டிராக்டர்காரர் ஆழ உழுதால் நல்லது என்பார். விடாதே, போட்ட மருந்து அடியில் போய் நீர்த்துவிடும். பிறகு தண்ணீர் கட்டு. ஜிப்சம் சீக்கிரம் கரைகிற பொருள் அல்ல. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டரை கிராம்தான் கரையும். 2 டன்னும் வெறும் தண்ணீரில் கரைய வேண்டுமென்றால் எட்டு லட்சம் லிட்டர், அதாவது ஏக்கர் முழுக்க 20 சென்டிமீட்டர் நீர். அதனால் ஒரு தரம் கட்டி வடித்தால் ஆகாது. நாலைந்து நாள் நிறுத்தி வடி, மறுபடி கட்டு, மறுபடி வடி. மூன்றாம் தரம் வடிகிற தண்ணீர் கொஞ்சம் தெளிவாக வந்தால் சரியான வழியில் போகிறாய் என்று அர்த்தம்.

அப்புறம் தக்கைப்பூண்டு, பசுந்தாள் உரச் செடி. ஏக்கருக்கு 20 கிலோ விதை. களரிலும் முளைக்கிற தைரியசாலி அது. பூக்கிற சமயத்தில், 45 நாள் வாக்கில், மடக்கி உழு. அழுகும்போது வருகிற புளிப்பு, மண்ணில் ஏற்கெனவே இருக்கிற சுண்ணாம்பைக் கரைத்து அதையும் வேலைக்கு இழுக்கும். இது இல்லாமல் ஜிப்சம் மட்டும் போடுவது உப்பில்லாமல் குழம்பு வைக்கிற மாதிரி. (களரைப் பற்றிப் பேசும்போது இந்த உவமை பொருந்தாதுதான். போகட்டும்.)

நெல்லில் திருச்சி 1, திருச்சி 3 இரண்டும் களருக்கென்றே வந்தவை. இளம் நாற்றாக நடாதே. ஒரு மாதத்து நாற்றை, குத்துக்கு நாலு வைத்து, நெருக்கி நடு. செத்தது போக மீதி நிற்கும். நட்ட மூன்றாம் வாரம் இலையில் துரு மாதிரி பழுப்புப் புள்ளி வந்தால் பூச்சி என்று மருந்துக் கடைக்கு ஓடாதே. அது துத்தநாகக் குறை. களரில் துத்தநாகம் மண்ணிலேயே கட்டுப்பட்டுவிடும். சாதாரண வயலுக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் என்றால் இதற்கு 15 கிலோ, மணலோடு கலந்து நடவுக்கு முன் வீசு. சூப்பர் பாஸ்பேட்டோடு கலக்காதே. டிஏபி உரத்துக்குப் பதில் சூப்பர் பாஸ்பேட் வாங்கு, அதற்குள்ளேயே ஜிப்சம் இருக்கிறது. யூரியாவைக் களரில் போட்டால் கணிசமான பங்கு ஆவியாகிப் போய்விடும். அதனால் தழைச்சத்தைக் கால்பங்கு கூட்டிப் பிரித்துப் பிரித்துக் கொடுக்கச் சொல்வார்கள்.

தைலமரம் பற்றி. தண்ணீரே இல்லாதவனுக்கு அது ஒரு வழிதான், குறை சொல்ல மாட்டேன். ஏரித் தண்ணீர் வருகிறவன் அதை வைப்பதற்கு எனக்கு மனம் வராது.

வெள்ளைத்திட்டு எழுதியது:

ஐயா, பாட்டில் தெளிந்துவிட்டது. சாக்கை உதறியதில் வந்த ஒரு சிட்டிகைதான். காலையில் மண் பஞ்சு பஞ்சாகக் கூடி அடியில் உட்கார்ந்திருக்கிறது. இதை ஜன்னலில் வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன்.

வயலைச் சுற்றி நடந்து பார்த்தேன். வடகிழக்கு மூலையில் மடை இருந்த அடையாளம் இருக்கிறது. கருங்கல் இரண்டு, நடுவில் மண் மூடி அதன்மேல் சீமைக்கருவேல். அதற்கு அப்பால் கீழ்வயல், அதற்கு அப்பால் ஓடை. அப்பாவுக்கும் கீழ்வயல்காரருக்கும் பேச்சு இல்லாமல் போனது இதனால்தானோ என்று இப்போதுதான் தோன்றுகிறது. அம்மாவிடம் கேட்டேன், பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

என் எல்லையோரமாகவே வெட்டினால் ஓடை போய்ச் சேர ஐம்பது அடி அவருடைய வரப்போரம் போக வேண்டும். எப்படிக் கேட்பது? அப்புறம், தண்ணீர் கட்டி வடிப்பதற்குப் போர் தண்ணீர் போதுமா? ஏரி நிரம்ப ஐப்பசி ஆகும்.

பழைய மடைக்காரன் எழுதியது:

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். போர் தண்ணீரைத் தொடாதே. நீ முதல் பதிவில் எழுதியதைப் படித்தபோதே கேட்க நினைத்தேன், மறந்துவிட்டேன். பருப்பு பூப்போல வேகிறது, சோப்பு நுரைக்கிறது என்றாய். சோறு வடித்தால் லேசாக மஞ்சள் தட்டுகிறதா? அம்மாவைக் கேள். அப்படி என்றால் அந்தத் தண்ணீரில் சோடா இருக்கிறது. சமையலுக்கு இப்படி மெத்தென்று இருக்கிற தண்ணீரில் கால்சியம் குறைவு. சோடியம் பைகார்பனேட்டு இருக்கும். வருடக்கணக்காக அதைப் பாய்ச்சினால் நல்ல மண்ணும் களராகும். உன் கீழ்ப்பாதி அப்படி ஆனதாகவும் இருக்கலாம். போர் அடித்தது எந்த வருடம், வெளுப்பு தொடங்கியது எந்த வருடம் என்று அப்பாவின் நோட்டில் பார்.

தண்ணீரையும் ஒரு பாட்டில் பரிசோதனைக்குக் கொடு. எஞ்சிய சோடியம் கார்பனேட்டு எவ்வளவு என்று கேள். அது லிட்டருக்கு இரண்டரை மில்லி ஈக்குவலன்ட்டுக்கு மேல் போனால் அப்படியே பாய்ச்ச முடியாது. அதற்கும் வழி உண்டு: போர் தண்ணீர் விழுகிற இடத்தில் ஒரு தொட்டி கட்டி, ஜிப்சக் கட்டிகளை நிரப்பி, தண்ணீர் அதன் ஊடாகப் புகுந்து வயலுக்குப் போகிற மாதிரி வைப்பார்கள். கழுவுவதற்கு மட்டும் மழைத் தண்ணீரும் ஏரித் தண்ணீரும்தான். அவசரப்படாதே. ஆவணியில் மட்டம் செய்து வரப்பு அணைத்து வை, புரட்டாசியில் ஜிப்சத்தை வீசி உழு, முதல் மழையைக் கட்டு. தக்கைப்பூண்டுக்கு இந்த வருடம் நாள் காணாது. அடுத்த வருடம் சித்திரை மழைக்கு விதை.

கீழ்வயல்காரர் விஷயம். அவர் பயம் நியாயமானது. அதை நீயே முதலில் சொல்லிவிடு. கோடையில் ஒரு சொட்டும் விட மாட்டேன், ஓடையில் வெள்ளம் ஓடும்போது மட்டும் வடிப்பேன், அப்போது உப்பு எங்கேயும் தங்காது என்று சொல். ஐம்பது அடிக்கும் சிமெண்டுக் குழாய் நீயே போடு. அவர் வயலில் தண்ணீர் படாது. பாட்டில் இரண்டையும் எடுத்துப் போ. கையோடு அவர் வயல் மண்ணிலும் ஒரு பாட்டில் போட்டுப் பார்க்கலாமா என்று கேள். தைலமரம் வை என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறவர் வயல் மட்டும் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வெள்ளைத்திட்டு எழுதியது:

போய்வந்தேன் ஐயா. திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். குழாய்க்குச் சம்மதம் என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவர் வயல் மண் போட்ட பாட்டில் இரண்டு நாளாக அவர் வீட்டு மாடத்தில் கலங்கலாக நிற்கிறது. நேற்று சாயங்காலம் அவரே வந்து, "அந்தத் தூள் கொஞ்சம் இருக்கிறதா?" என்று கேட்டார். சாக்கோடு கொடுத்தேன்.

சோறு மஞ்சள் தட்டுகிறது. போர் 2011-இல் அடித்தது. 2015 நோட்டில்தான் "கீழ்த்தாக்கு வெளுப்பு" என்று முதல் முறை எழுதியிருக்கிறார் அப்பா.

திங்கட்கிழமை கல்லூரிக்கு மண் எடுத்துப் போகிறேன். எத்தனை மாதிரி எடுக்க வேண்டும்? எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கலாமா?

பழைய மடைக்காரன் எழுதியது:

கலக்காதே. மேல்பாதி ஒன்று, வெளுத்த இடம் ஒன்று, கறுப்புத் திட்டு தனியாக ஒன்று. ஒவ்வொன்றிலும் ஏழெட்டு இடத்தில் ஆங்கில வி மாதிரி குழி வெட்டி, ஓரத்தை மேலிருந்து கீழாக அரை அடிக்குச் சீவி எடு. வெளுத்த இடத்தில் மேலே படிந்த பொடியை மட்டும் வழித்துக்கொண்டு போகாதே, பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு இடத்தில் மட்டும் மூன்றடி தோண்டிப் பார். சுக்கான்பாறை, அதாவது சுண்ணாம்பு இறுகிய அடுக்கு, தட்டினால் குறித்துக்கொள், அவர்களிடம் சொல்ல வேண்டும். மண்ணை நிழலில் உலர்த்து. உரச் சாக்கில் போடாதே, துணிப்பையில் போடு. அது உன்னிடம் இருக்கும். சீட்டில் பென்சிலால் எழுது, பேனா மை ஈரத்தில் ஊறிவிடும்.

நாலாவதாக ஒரு பை காலியாக எடுத்துப் போ. கீழ்வயல்காரர் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வருவார்.